வீட்டில் ஒரு மூலைகூட அமைதியாக இல்லை; எங்கே உட்கார்ந்து ஜெபிப்பது?

கேள்வி:

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, அவ்வளவுதான். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். பாரிமுனையில் ஒரு மொத்த மருந்துக்கடையில் பில் போடுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே வெல்டிங் பட்டறை. சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணி வரை அத்தை சீரியல் பார்ப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் டிவி சத்தம் தெருவரை கேட்கும். போன வருடம் சபையிலிருந்து ஏற்காட்டுக்கு ரிட்ரீட் அழைத்துப் போனார்கள். அந்த மூன்று நாள் ஜெபித்ததுபோல நான் அதுவரை ஜெபித்ததே இல்லை. திரும்பி வந்த வாரமே எல்லாம் போய்விட்டது. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். நாலு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள் என்றார். நான் படுக்கவே பதினொன்றரை ஆகிவிடுகிறது. எழுந்து முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியம் சில சமயம் எல்லோரும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பட்டறையும் லீவு. வீடு அமைதியாகத்தான் இருக்கும். அப்போதும் என்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார முடியவில்லை. கை தானாகப் போனுக்குப் போகிறது, ஏதாவது ஒரு ஜெபப் பாட்டைப் போட்டுவிடுகிறேன். பிப்ரவரியில் அப்பா தவறியதிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். கடையில் கூட்டம், போன் பைக்குள் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் என்னை விட்டு விலகிவிட்டாரா, இல்லை நான்தான் விலகிவிட்டேனா?

பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அவரும் விலகவில்லை, நீங்களும் விலகவில்லை.

உங்கள் கடிதம் இரண்டு பத்தி. முதல் பத்தியில் வெளியே இருக்கிற சத்தம் முழுவதையும் எழுதிவிட்டு, இரண்டாவதை ‘இன்னொன்றும்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இன்னொன்றுதான் பெரியதாகப் படுகிறது. ஆனால் பட்டறையும் சீரியலும் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். அதனால் நீங்கள் எழுதிய வரிசையிலேயே வருகிறேன்.

ஏற்காட்டைப் பற்றி. நானும் அப்படிப்பட்ட முகாம்களை நடத்துகிறவள். அங்கே காலையில் யாரோ உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் சமைத்து, பாத்திரமும் கழுவி வைத்தார்கள். வந்த அன்றே போனை வாங்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டியதில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. நிறைய நாள் கழித்து நன்றாகத் தூங்கியும் இருப்பீர்கள். மலைக்கும் மரங்களுக்கும் நாம் சொல்கிற நன்றியில் பாதி அந்தச் சமையல்காரர்களுக்குச் சேர வேண்டும். அங்கே நீங்கள் ஜெபித்தது உண்மையான ஜெபம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த மூன்று நாளை அளவுகோலாக வைத்துக்கொண்டு பெரம்பூர் ஜெபத்தை அளக்காதீர்கள். மூன்று நாளுக்கு வேறு யாரோ உங்கள் வேலையைச் சுமந்தார்கள். வீட்டில் அதைச் சுமப்பது நீங்கள்.

மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூமில் ஒரு சாயங்காலம் வருகிறது. பட்டணத்தார் எல்லோரும் வீட்டு வாசலில் கூடியிருக்கிறார்கள். மறுநாள் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் இயேசு ஜெபிக்கிறார். சீமோனும் அவரோடிருந்தவர்களும் பின்னாலேயே தேடிக்கொண்டு போய், “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்கிறார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொண்டதாக எழுதியில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். ஆறாம் அதிகாரத்திலும் இதேதான் நடக்கிறது. சற்றே இளைப்பாறலாம் என்று சீஷர்களோடு படகில் தனியிடத்துக்குப் போனால், ஜனங்கள் கால்நடையாய் ஓடி முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து மனதுருகினார் என்று மாற்கு எழுதுகிறார். ஜெபத்துக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் வீட்டாரும் ஊராரும் நுழைவது நம் ஆண்டவருக்கே நடந்திருக்கிறது. “அம்மா, என் சாக்ஸ் எங்கே?” என்ற குரல் வந்து ஜெபம் பாதியில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று அவர் சொன்னது நம்மில் பலரை உறுத்துகிறது. அறைக்கு எங்கே போவது? அவர் சொன்ன அந்த வார்த்தை முதலில் யார் காதில் விழுந்ததோ, அவர்களில் கலிலேயாவின் மீனவர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். கப்பர்நகூமில் தோண்டி எடுத்திருக்கும் வீடுகள் கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டியவை. சின்னச் சின்ன அறைகள், நடுவில் பொது முற்றம். அந்த மாதிரி வீட்டில் கதவு போட்டுப் பூட்டுகிற அறை என்று ஒன்று இருந்தால், தானியமும் எண்ணெயும் வைக்கிற அறையாகத்தான் இருந்திருக்கும். ஜெபத்துக்கென்று தனி அறை கட்டி வைத்திருந்தவர்களைப் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அந்த இடம் சமையலறையாக இருக்கலாம். மொட்டை மாடிக்குப் போக வழியிருந்தால் அதுவாகவும் இருக்கலாம். பேதுரு யோப்பாவில் நடுப்பகலில் மேல்வீட்டில் ஏறித்தான் ஜெபித்தார். அதுவும் பசியோடு, கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தபோது.

அப்புறம் நாலு மணி. உங்கள் ஐயர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். எண்ணெய் விளக்குக் காலத்தில் சீக்கிரமே படுத்தவர்கள் இருட்டோடே எழுந்தார்கள். நீங்கள் அப்படிப் படுக்கிற நிலையில் இல்லை.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ என்பதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன்னால் இருக்கிற வசனங்களை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். என்ன இப்படித் தூங்குகிறாய் என்று தூதன் கேட்கவே இல்லை. இரண்டாம் தரம் எழுப்பியபோதும் சாப்பாடுதான் கொடுக்கிறான், நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். அந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்ட ஓரேப் மலை அதற்கு நாற்பது நாள் தள்ளி. தேவன் தம் ஊழியக்காரனோடு பேசுவதற்கு முன்னால் அவனைத் தூங்கவிட்டார், சாப்பிடவைத்தார். ஆகவே நாலு மணியை இப்போதைக்கு விடுங்கள். ஐயர் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பட்டறையும் சீரியலும் இரண்டுமே சத்தம்தான். ஆனால் மனதை அவை தொடுகிற விதம் வேறு. வெல்டிங் சத்தத்தில் வார்த்தை இல்லை. ஓடும் பஸ்ஸில் இன்ஜின் இரைச்சலோடு தூங்குகிறோம் இல்லையா, அதுபோல மனது அதைக் கொஞ்ச நேரத்தில் தள்ளி வைத்துவிடும். பேச்சு அப்படித் தள்ளிப் போகாது. தெரிந்த மொழியில் யாராவது பேசினால் காதில் விழும்போதே பொருளும் உள்ளே வந்துவிடுகிறது, அதைத் தடுக்க நமக்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் சீரியல் ஓடுகிற ஹாலில் உட்கார்ந்து ஜெபிக்க முடியவில்லை என்பது உங்கள் விசுவாசக் குறைவு இல்லை. அந்த நேரத்தைச் சமையலுக்கும் துணி மடிக்கவும் விட்டுவிடுங்கள். பட்டறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தச் சத்தம் வரும்போது அங்கே குனிந்து வேலை செய்கிறவரின் கண்களுக்காக ஒரு வரி ஜெபியுங்கள். தினம் அந்தத் தீப்பொறியைப் பார்க்கிற கண்கள் அவை. சில வாரம் இப்படிச் செய்தவர்கள், அந்தச் சத்தம் தங்களுக்குத் தொந்தரவாகவே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

(இரவு பத்துக்கு மேலும் பட்டறை ஓடினால் அது வேறு விஷயம். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்திருக்கின்றன. தெருக்காரர்களோடு சேர்ந்து போய்ப் பேசிப் பாருங்கள்.)

அவிலாவின் தெரேசா என்று 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஒரு துறவி இருந்தார். கத்தோலிக்கப் புனிதர் ஆயிற்றே என்று நம் சபையார் அவரைப் படிக்காமல் விடுவதில் எனக்கு மனவருத்தம் உண்டு, ஏனென்றால் ஜெபிக்க முடியாமல் தவித்ததைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதியவர்கள் குறைவு. 1577-ல் ஜெபத்தைப் பற்றிய தம் நூலை எழுதும்போது, தலைக்குள் பல ஆறுகள் பாய்வதுபோல ஓயாத இரைச்சல் கேட்கிறது என்று நடுவில் குறிப்பிடுகிறார். மடத்துச் சுவரால் அந்த இரைச்சலை என்ன செய்ய முடியும்? அது இருக்கும்போதே தாம் தேவனோடு இருக்க முடிந்தது என்றும் எழுதுகிறார். அதற்கு முந்தைய வருடங்களில், ஜெப வேளை எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் மறைக்கவில்லை. பல வருடங்கள் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் ஜெபத்தில் உட்காரவே பயந்திருக்கிறார். உங்களுக்குப் போனில் பாட்டு, அவருக்குப் புத்தகம்.

இடத்தைப் பற்றி ஒரு யோசனை. இந்த விஷயத்தில் வீட்டைவிட உங்கள் வேலையிடம் வசதியானது. பாரிமுனை என்றாலே இரைச்சல்தான், ஆனால் அங்கே ஆர்மேனியன் தெருவில், அரண்மனைக்காரன் தெரு என்று உங்கள் கடைக்காரர்கள் சொல்வார்கள், ஆர்மேனிய தேவாலயம் இருக்கிறது. 1712-ல் கட்டியது, 1772-ல் திரும்பக் கட்டியது. இங்கே வாழ்ந்த ஆர்மேனியர்கள் போனபின் வழக்கமான ஆராதனை நடப்பதில்லை. உள்ளே மரங்கள், தரையில் பதித்த கல்லறைக் கற்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டு. பகலில் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள், வாசலில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே தெருவில் கத்தோலிக்கரின் மரியன்னை இணைப்பேராலயமும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாரைத் தேடி வருகிற கூட்டம் பெரிது, மற்ற நாள் போங்கள். சாப்பாட்டு இடைவேளையில் வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும். யாரும் உங்களை எந்தச் சபை என்று கேட்க மாட்டார்கள்.

ஏன் வேறு சபையின் கோயிலுக்கு அனுப்புகிறேன் என்று தோன்றலாம். நம் கோயில்கள் வார நாளில் பூட்டியிருக்கின்றன, அதனால்தான். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டி, டைல்ஸ் போட்டு, ஏசி வைத்து, ஞாயிறு மதியம் பூட்டினால் அடுத்த கூட்டத்துக்குத்தான் திறக்கிறோம். ஒரு அறை, ஒரு ஹால் வீட்டில் ஐந்து பேராக வாழ்கிறவர்கள் நிறைந்த சபையில் இது சரியில்லை. உங்கள் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் கேளுங்கள்: தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், மைக் இல்லாமல், பாட்டு இல்லாமல், கோயிலைத் திறந்து வைக்க முடியுமா என்று. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரையோ ஓய்வுபெற்ற ஒரு பெரியவரையோ உட்கார வைத்தால் போதும். நீங்கள் கேட்பது உங்கள் ஒருவருக்காக மட்டும் இருக்காது.

ஆராதனைக்குள்ளேயும் நாம் அமைதிக்கு இடம் விடுவதில்லை. ‘மௌனமாய் ஜெபிப்போம்’ என்று சொல்லி அரை நிமிடம் ஆவதற்குள் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டபோது பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதல் உண்டாயிற்று என்று வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. பரிசுத்தவான்களுடைய ஜெபங்கள் தூபத்தோடு தேவ சமுகத்தில் எழும்புவது அதற்கு அடுத்து வருகிறது. பரலோகம் அரைமணி நேரம் அமைதியாயிருக்கிறது, நாம் மூன்று நிமிடம் பொறுக்கக் கூடாதா? வெளியே இருப்பவர்களுக்கும் நாம் சத்தம்தான். உங்கள் பகுதிக்குப் பக்கத்தில், மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு சபையின் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் சம்பந்தமான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அப்போது பல கிறிஸ்தவர்கள் வருந்தினார்கள். எனக்கு அது சரியான தீர்ப்பு என்றுதான் அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது பத்தி.

தம்பி மூன்று தடவை கூப்பிட்டான், போன் பைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு உங்கள் கை ஏன் தானாகப் போனுக்குப் போகிறது என்பது எனக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. போனைத் தள்ளி வைத்தால் இன்னொரு அழைப்பையும் தவறவிட்டுவிடுவோமோ என்று உடம்பு பயப்படுகிறது. வீட்டில் சத்தம் நின்றதும் அந்த பிப்ரவரி நாள் எதிரே வந்து நிற்கிறது. அதைப் பார்க்க முடியாமல் பாட்டைப் போடுகிறீர்கள். துக்கத்தில் இருக்கிற பலர் இதைச் செய்கிறார்கள். சிலர் டிவியை ஓடவிடுகிறார்கள், சிலர் ஓவர்டைம் பார்க்கிறார்கள், சிலர் ஒரு உபவாசக் கூட்டம் விடாமல் போகிறார்கள். பாட்டு நல்ல பாட்டுதான், அதைப் பாடியவர்மேல் குற்றமில்லை. ஆனால் நீங்கள் கர்த்தரிடம் சொல்ல வேண்டியதை அந்தப் பாட்டு உங்களுக்குப் பதிலாகச் சொல்லாது.

முப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறார்: “நான் மவுனமாகி, ஊமையனாயிருந்தேன், நலமானதையும் பேசாமல் அமர்ந்திருந்தேன், ஆனாலும் என் துக்கம் அதிகரித்தது.” அமைதியாக உட்கார்ந்தால் சமாதானம் வரும் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறோம். வேதமோ, சும்மா உட்கார்ந்தேன், துக்கம் கூடியது என்கிற ஒருவரின் ஜெபத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் வைத்திருக்கிறது. அவர் அங்கே நிற்கவில்லை. இருதயம் அனல்கொண்டது என்கிறார், வாயைத் திறந்து பேசுகிறார், முடிவில் என் கண்ணீருக்கு மவுனமாயிராதேயும் என்று கெஞ்சுகிறார். ஞாயிறு மதியம் உங்களுக்கு நடக்கிறது இதன் முதல் பாதி. அனல் வரும்போதே நீங்கள் பாட்டைப் போட்டுவிடுகிறீர்கள், அதனால் இரண்டாம் பாதிக்குப் போக முடியவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘அந்தப் போனை எடுத்திருந்தால்...’ எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல ஆறுதல் சொல்லவும் மாட்டேன். அப்பாவின் குரலை ஒரு தடவை கேட்டிருக்கலாம். அது பெரிய இழப்புதான். ஆனால் அது இழப்பு, பாவம் இல்லை. பிள்ளைகளுக்காகக் கடையில் நின்று பில் போட்டுக்கொண்டிருந்த நேரத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பெத்தானியாவில் சகோதரன் லாசரு இறந்த பிறகு, மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் தனித்தனியாக வந்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” அந்தக் குறையை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். உங்களுடைய ‘இருந்திருந்தால்’ எதுவோ, அதையும் அவரிடம் அப்படியே சொல்லலாம்.

எப்படிச் செய்வது? போனை அணைத்துவிடுங்கள் என்று வேறு யாருக்காவது சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ‘தொந்தரவு செய்யாதே’ என்ற வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. அதில் கணவர், தம்பி, பிள்ளைகளின் பள்ளி ஆகிய எண்கள் மட்டும் மணியடிக்கும்படி வைக்க முடியும். பெரிய பையனோ பெண்ணோ ஒரு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். வைத்துவிட்டு, தம்பியை ஒருமுறை கூப்பிடச் சொல்லி மணி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கிறது என்று உங்கள் காதே அறிந்தால்தான் அந்தப் பயம் இறங்கும். அதற்குப் பிறகு போனைக் கவிழ்த்து அலமாரியில் வையுங்கள். வேதாகமம் வேண்டுமென்றால் அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் திறந்தால் வசனத்துக்கு முன்னால் பள்ளி வாட்ஸ்ஆப் குழு வந்து நிற்கும்.

ஞாயிறு மதியம் ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம். நாற்காலியில் உட்காருங்கள், முழங்கால் கட்டாயமில்லை. அன்றைக்குக் காலையில் என்ன சமைத்தீர்கள், எந்த பஸ்ஸில் போனீர்கள் என்பதிலிருந்து தொடங்கி, பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்த அந்த நிமிடம் வரைக்கும் கர்த்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் நடுவில் நின்றுவிடலாம். அழுகை வந்தால் அழுங்கள், அதுவும் ஜெபத்தில் சேர்ந்ததுதான். ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து முகம் கழுவி, டீ போட்டுக் குடியுங்கள். அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள்.

வார நாளுக்கு ஒரே ஒரு வசனம் தருகிறேன். யோவான் காசியன் என்பவர் நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்து வனாந்தரத்துத் துறவிகளிடம் போய்க் கற்றுக்கொண்டவர். ஐசக் என்ற மூப்பர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனம்: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” சந்தோஷத்திலும் தூக்கம் வராதபோதும் சாப்பிடும்போதும் இதையே சொல்லிக்கொண்டிரு என்றார். ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் இதைச் சொல்ல நேரம் இருக்கும். உதடு அசைந்தால் போதும். அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள், சத்தம் கேட்காததால் ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று தப்பாகப் புரிந்துகொண்டார், கர்த்தர் சரியாகக் கேட்டார்.

தம்பியிடமும் ஒரு நாள் பேசுங்கள். மூன்று தடவை கூப்பிட்டும் அக்கா எடுக்கவில்லை என்ற அந்த நேரத்தில் அவர் தனியாக நின்றிருக்கிறார். அவரும் அதைச் சுமந்துகொண்டு, நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று சொல்லாமல் இருக்கலாம். இத்தனைக்கும் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வேலையில் மனது நிற்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஜெபிக்கிறவர்கள் அங்கே பேசக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக அத்தை. அவரிடம் டிவியைக் குறைக்கச் சொல்லித் தொடங்காதீர்கள். காது மந்தம் என்கிறீர்களே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறீர்களா? அரசு பொது மருத்துவமனை உங்கள் வேலையிடத்துக்குப் பக்கம்தான். சில சமயம் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டாலே பாதி சரியாகும். இல்லையென்றால் காதுக்கருவி உதவும். காது கேட்காதவர்களிடம் வீட்டில் பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது, இரண்டு தடவை சொல்ல வேண்டுமே என்று நாம் சுருக்கிக்கொள்கிறோம். அப்புறம் அவருக்குப் புரியும்படி முழுசாகப் பேசுவது அந்த சீரியல் மனிதர்கள் மட்டும்தான். பத்து மணிக்கு டிவியை அணைத்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே ஒரு சங்கீதம் வாசியுங்கள். பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். 121-லிருந்து தொடங்கலாம், எட்டு வசனம்தான்.